சுட்டவரே விசாரிக்கலாமா?



சாலையில் வண்டி ஓட்டிச் செல்லும் ஒருவரைக் காவலர் கைகாட்டி நிறுத்துகிறார். இது நம் நாட்டில் நாள்தோறும் எண்ணற்ற முறை நிகழும் செயல். நாம் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுகிறோம். கேட்ட கேள்விக்கு விடை கூறுகிறோம். தவறு இருப்பின் அபராதம் செலுத்துகிறோம். பின்னர் நம் வழியே செல்கிறோம். சீருடை அணிந்த அதிகாரி நிறுத்தச் சொன்னால் வண்டியை நிறுத்துதல் ஓட்டுநரின் கடமை என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. எனினும், அந்தக் கையை நாம் மதிப்பது தண்டனைக்கு அஞ்சி மட்டும் அன்று. அதன் பின்னே சட்டம் நிற்கிறது என்னும் நம்பிக்கையாலேயே மதிக்கிறோம்.

அரிதாகச் சில வேளைகளில் அந்த நிறுத்தம் ஒரு மரணத்தில் முடிகிறது. துப்பாக்கி வெடிக்கிறது, வண்டியில் இருந்தவர் மாள்கிறார். அன்று மாலையே ஒரு செய்தி வெளியாகிறது: ‘வண்டியில் இருந்தவர்கள் முதலில் சுட்டார்கள், எங்கள் உயிரைக் காத்துக்கொள்ளவே நாங்கள் திருப்பிச் சுட்டோம்.’ அச்செய்தி முற்றிலும் உண்மையாக இருக்கலாம். முற்றிலும் பொய்யாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று ஆராய்ந்து முடிவு காண வேண்டியவர் யார்? சுட்டவர்களும் அவர்களுடைய தோழர்களுமா, அன்றி வேறொருவரா? இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட வினா இதுவே.

முதலில் சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்வோம். ஒருவரின் உயிரைப் போக்குவதற்குக் காவலருக்கென்று தனி உரிமை எதனையும் நம் சட்டம் வழங்கவில்லை. நம் ஒவ்வொருவருக்கும் உள்ள தற்காப்பு உரிமை அவருக்கும் உண்டு. உயிருக்கு ஆபத்து நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க நிலையில், அந்த ஆபத்தை விலக்குவதற்கு வேண்டிய அளவு வலிமையை அவர் பயன்படுத்தலாம். அதற்கு மேல் பயன்படுத்தலாகாது. கைது செய்யும்போது எதிர்ப்பவரை அடக்குவதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. ஆயினும், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரின் சாவுக்குக் காரணமாக அந்த அதிகாரம் இடந்தராது. இவ்விதிகள் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலும் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தன. 2024 ஜூலை முதல் நாள் அவற்றின் இடத்துக்கு வந்த புதிய சட்டங்களிலும் இவை நீடிக்கின்றன.

நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் ஓட்டிச் சென்றவர் குற்றம் செய்தவரே, ஐயமில்லை. ஆனால், அதிகாரியின் சட்டப்படியான கட்டளையை மீறியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் விதிப்பது அபராதமே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது 2,000 ரூபாய் வரை. அந்தக் குற்றத்துக்கும் உயிரிழப்புக்கும் இடையே உள்ள தொலைவை நாம் மறத்தல் கூடாது. அந்தத் தொலைவைத் துப்பாக்கிக் குண்டு ஒரு நொடியில் கடந்துவிட்டதென்றால், அவ்வாறு கடக்க நேர்ந்தது ஏன் என்பதற்கு விடை வேண்டும்.

தற்காப்புக்காகக் கொன்றேன் என்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் கோட்பாடு. அது வழக்கு மன்றத்துக்கு வந்த பிறகு. மன்றத்துக்கு வருவதற்கு முன்பே கதை முடிந்துவிடுவது உண்டு. எவ்வாறெனில், நெடுநாள் வழங்கிவந்த ஒரு வழக்கம் இது: துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தால், சுட்ட போலீசார் தரும் புகாரின்பேரில் இறந்தவர் மீதே வழக்குப் பதிவாகும். ‘காவலரைக் கொல்ல முயன்றார்’ என்பது குற்றச்சாட்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் உயிருடன் இல்லாமையால், மேல் விசாரணைக்கு இடமில்லை என்று அந்த வழக்கு முடிக்கப்படும். இறந்தவர் குற்றவாளியாகப் பதிவேட்டில் நிற்பார். அவரைக் கொன்றது குற்றமா அன்றா என்னும் கேள்வி கேட்கப்படாமலே ஏடு மூடப்படும். சாட்சி, வாதி, விசாரணை அதிகாரி ஆகிய மூவரும் ஒரே நிலையத்தைச் சேர்ந்தவர்கள். எதிர்த்துச் சொல்லக்கூடிய ஒருவரோ இறந்துவிட்டார்.

இதனை நன்கு விளக்கும் நிகழ்ச்சி ஒன்று நம் தலைநகரில் நடந்தது. தில்லியின் கன்னாட் பிளேஸை நேயர்களுள் பலர் கண்டிருப்பீர்கள். வெண்ணிறத் தூண்கள் வட்டமாகச் சூழ்ந்த கடைவீதி. அதிலிருந்து நாற்புறமும் கிளைக்கும் அகன்ற சாலைகள். பகலெல்லாம் ஓயாத கூட்டம். 1997ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிற்பகல், அங்கே பாரகம்பா சாலையருகில் ஒரு கார் சிவப்பு விளக்குக்காக நின்றது. அதில் மூவர் இருந்தனர். தில்லிப் போலீசின் குற்றப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அக்காரைப் பின்தொடர்ந்து வந்திருந்தனர். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த, தேடப்பட்டுவந்த குற்றவாளி ஒருவன் அதில் இருப்பதாக அவர்கள் கருதினர். காரைச் சூழ்ந்துகொண்டு சுட்டனர். காரில் இருந்தவர்களுள் இருவர் இறந்தனர். மூன்றாமவர் படுகாயமுற்று உயிர் தப்பினார்.

இறந்தவர்கள் யார்? தொழில் செய்து வாழ்ந்த வணிகர்கள். தேடப்பட்ட குற்றவாளி அந்தக் காரில் இல்லை; அவனுக்கும் இவர்களுக்கும் தொடர்பும் இல்லை. ஆளை மாற்றிக் கருதிய பிழை அது. பிழை தெரிந்த பின்னரும் போலீசார் கூறியது என்ன? காரில் இருந்தவர்களே முதலில் சுட்டார்கள் என்பது. காரினுள்ளே ஒரு கைத்துப்பாக்கி கண்டெடுக்கப்பட்டதாகவும் காட்டப்பட்டது.

அந்த விசாரணை அதே குற்றப் பிரிவின் கையிலேயே இருந்திருந்தால் முடிவு எவ்வாறு அமைந்திருக்கும் என்று ஊகிப்பது கடினம் அன்று. நற்காலமாக, அவ்வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையாகிய சி.பி.ஐ.யிடம் ஒப்படைக்கப்பட்டது. சுட்டவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து பணிபுரியாதவர்கள், அவர்களுடைய பதவி உயர்வுக்கோ பெயருக்கோ பொறுப்பில்லாதவர்கள், சான்றுகளைப் பார்த்தனர். தோட்டாக்கள் ஆராயப்பட்டன, உயிர் தப்பியவரின் வாக்குமூலம் கிடைத்தது. காரினுள்ளிருந்து முதலில் சுட்டனர் என்னும் கூற்று நிலைக்கவில்லை. கண்டெடுத்ததாகச் சொன்ன கைத்துப்பாக்கி பின்னர் கொண்டுவந்து வைக்கப்பட்டது என்று வழக்கு மன்றம் முடிவு செய்தது. 2007ஆம் ஆண்டு அக்டோபரில், உதவிக் கமிஷனர் ஒருவர் உட்படப் போலீசார் பதின்மர் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஆயுள் தண்டனை பெற்றனர். 2009இல் தில்லி உயர்நீதிமன்றமும், 2011 மே மாதத்தில் உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தன.

குண்டுகள் பாய்ந்ததற்கு ஒரு நொடி. உண்மை நிலைபெறுவதற்கு 14 ஆண்டுகள். காலம் நீண்டதே என்று வருந்தலாம். எனினும், உண்மை வெளிவந்தது. அதற்குக் காரணங்கள் யாவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிகழ்ச்சி நடந்த இடம் தலைநகரின் நடுவிடம். நேரம் பகல். சுற்றிலும் மக்கள். காரில் ஒருவர் பிழைத்துக்கொண்டார். இறந்தவர்களின் குடும்பத்தார் குரல் எழுப்பக் கூடியவர்கள். நாட்டின் செய்தித்தாள்கள் அனைத்தும் அடுத்த நாளே எழுதின. இவற்றுள் ஒன்றும் இல்லாத ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். ஊர்களுக்கு நடுவே ஆளரவமற்ற நெடுஞ்சாலை. மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் ஏழை இளைஞன். உயிர் தப்பிய சாட்சி எவருமில்லை. அங்கே சி.பி.ஐ. வருமா? அங்கே உண்மையைத் தேடி யார் வருவார்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். சுதந்திரமான விசாரணை என்பது கூக்குரல் எழுந்த இடத்தில் மட்டும் அருளப்படும் சலுகையாக இருத்தல் கூடாது. எங்கே, எவர் இறந்தாலும், கேட்பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் மணி நேரத்திலேயே தானாகத் தொடங்கும் விதியாக அது இருத்தல் வேண்டும்.

இந்த எண்ணம் புதியதன்று. ஒரு செய்தியை இங்கே குறிப்பிடுதல் தகும். கன்னாட் பிளேஸில் துப்பாக்கி வெடிப்பதற்கு இரண்டே நாட்களுக்கு முன், 1997 மார்ச் 29ஆம் நாள், தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவராயிருந்த நீதிபதி எம். என். வெங்கடாசலய்யா, மாநில முதலமைச்சர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வந்த முறையீடுகளை ஆராய்ந்த பின் எழுந்த கடிதம் அது. காவலருக்கு உயிர் பறிக்கும் உரிமை இல்லை என்பதை அது எடுத்துரைத்தது. சுட்டவர்கள் எந்த நிலையத்தைச் சேர்ந்தவர்களோ அந்த நிலையமே விசாரிக்காமல், மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறை போன்ற வேறொரு சுதந்திர அமைப்பிடம் விசாரணையை ஒப்படைக்க வேண்டும் என்றும் அறிவுரை கூறியது. 2003இலும் 2010இலும் ஆணையம் இந்நெறிகளைத் திருத்தி மீண்டும் அனுப்பியது.

அறிவுரை வேறு, கட்டளை வேறு. கட்டளை 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் வந்தது. மக்கள் குடிமை உரிமைக் கழகம் மகாராஷ்டிர மாநில அரசின் மீது தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ஆர். எம். லோதாவும் நீதிபதி ரோஹிண்டன் நாரிமனும் 16 நெறிகளை வகுத்தனர். போலீசார் சுட்டு ஒருவர் இறந்தால் நாடெங்கும் இவற்றைப் பின்பற்றியே ஆகவேண்டும். உச்சநீதிமன்றம் உரைத்த சட்டம் இது.

அவற்றுள் முதன்மையானவற்றைச் சொல்வோம். குற்றவாளி ஒருவன் இவ்வழியே வருகிறான் என்று துப்புக் கிடைத்தால், அத்துப்பை எழுத்திலோ மின்னணு முறையிலோ பதிவு செய்ய வேண்டும். துப்பாக்கிச் சூட்டில் சாவு நேர்ந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து காலந்தாழ்த்தாமல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். விசாரணையைக் குற்றப் புலனாய்வுத் துறையோ, வேறொரு காவல் நிலையத்தைச் சேர்ந்த குழுவோ நடத்த வேண்டும். அதனை மேற்பார்க்கும் அதிகாரி, சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியேனும் உயர்ந்தவராக இருத்தல் வேண்டும். சுட்ட காவலர்கள் தம் துப்பாக்கிகளைத் தடய ஆய்வுக்காக ஒப்படைக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையில் மருத்துவர் இருவர் செய்ய வேண்டும்; அது படம்பிடிக்கப்பட வேண்டும். இவற்றோடு மாஜிஸ்திரேட் விசாரணை ஒன்றும் தவறாமல் நடைபெற வேண்டும். இறந்தவரின் உறவினருக்கு விரைவில் தகவல் தர வேண்டும். நெறிகள் பின்பற்றப்படவில்லை என்று கருதினால், குடும்பத்தார் மாவட்டச் செஷன்ஸ் நீதிபதியிடம் முறையிடலாம்.

இன்னும் ஒரு நெறி உண்டு. அது மனித இயல்பை நன்கு அறிந்தவர்கள் வகுத்தது. துப்பாக்கிச் சூடு நடந்த உடனே, அதில் ஈடுபட்டவர்களுக்கு முறைமாறிய பதவி உயர்வோ வீரப் பரிசோ அளிக்கலாகாது; அவர்களுடைய வீரம் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட பின்னரே அளிக்க வேண்டும். விசாரணைக்கு முன்பே மாலை சூட்டிவிட்டால், பின்பு விசாரிப்பவர் எந்தத் துணிவோடு அந்த மாலையைக் கழற்றுவார்?

இனி, முதல் மணி நேரம் என்று நாம் சொன்னதன் காரணத்தைப் பார்ப்போம். இறந்தவர் பேசமாட்டார், அவருக்காகப் பேசுபவை பொருள்களே. காரின் தகட்டில் குண்டு துளைத்த ஓட்டையின் விளிம்பு உட்புறமாக மடிந்திருந்தால் குண்டு வெளியிலிருந்து பாய்ந்தது. வெளிப்புறமாக மடிந்திருந்தால் உள்ளிருந்து பாய்ந்தது. சுட்ட துப்பாக்கியிலிருந்து தெறித்த தோட்டாக் கூடு விழுந்த இடம், சுட்டவர் நின்ற இடத்தைக் காட்டும். இறந்தவர் சுட்டார் என்று சொல்வார்களாயின், வெடிமருந்தின் நுண்துகள் அவர் கையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். குண்டு முன்புறம் நுழைந்ததா, முதுகில் நுழைந்ததா என்பதைக் காயமே கூறும். ஓடியவரைச் சுட்டார்களா, பாய்ந்து வந்தவரைச் சுட்டார்களா என்பது அதனால் விளங்கும். இரத்தம் தோய்ந்த மண்ணும் சாட்சி. சிதறிய கண்ணாடித் துண்டும் சாட்சி.

இச்சாட்சிகள் பொய் சொல்வதில்லை. ஆனால் மிக எளிதில் அழிந்துவிடும். ஒரு வாளி நீர் போதும், மண்ணின் சாட்சியத்தைக் கழுவுவதற்கு. காரை இழுத்துச் சென்று வேறிடத்தில் நிறுத்தினால், கூடுகள் விழுந்த இடம் யாருக்கும் தெரியாது. துப்பாக்கி மீண்டும் ஆயுதக் கிடங்குக்குச் சென்று துடைக்கப்பட்டால், அதன் கதையும் துடைக்கப்பட்டுவிடும். ஆறு மாதம் கழித்து அமைக்கப்படும் பெரிய விசாரணைக் குழு எவ்வளவு நேர்மையுடையதாயினும், முதல் நாளில் இழந்ததை மீட்க இயலாது. எனவேதான், சுதந்திரமான விசாரணை என்பதில் ‘சுதந்திரம்’ என்னும் சொல்லைப் போலவே ‘உடனே’ என்னும் சொல்லும் இன்றியமையாதது என்கிறோம்.

தமிழர்களாகிய நமக்கு இக்கருத்து அயலானதன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ஆராயாமல் ஒரு சொல் சொன்னான். கோவலன் உயிர் போயிற்று. அரசன் முன் வந்து நின்ற கண்ணகியிடம் இருந்தது என்ன? கணவனின் வாய்மொழி இல்லை, அவன் இறந்துவிட்டான். அவளிடம் இருந்தது பொருட்சான்று ஒன்றே. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் அவள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது. இக்கதையில் நாம் பெரிதும் கவனியாத இடம் ஒன்று உண்டு. கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவருமாறு கட்டளையிட்டவன் அந்தப் பாண்டியனே. பெரும்பிழை செய்த மன்னன்தான், ஆயினும், தனக்கு எதிரான சான்றை அவன் மறைக்கவில்லை, அழிக்கவில்லை, அவையிலே வைத்தான். அச்சிலம்பு அன்று காணாமற் போயிருந்தால் கோவலன் கள்வனாகவே இருந்திருப்பான்.

இங்கே சிலர் ஒரு தடை கூறலாம். ‘காவலர்கள் இரவு பகலாக உயிரைப் பணயம் வைத்துப் பணிபுரிகிறார்கள். கொள்ளையரும் கடத்தல்காரரும் வண்டியில் ஆயுதத்தோடு வருகிறார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் விசாரணை என்றால் காவலர் கை தயங்காதா?’ என்பர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. நள்ளிரவில் அறியாத வண்டியின் அருகே தனியாக நடந்து செல்லும் காவலரின் நெஞ்சத் துடிப்பை நாம் உணர்தல் வேண்டும். சாலைச் சோதனையில் குண்டடிபட்டும் வண்டி மோதியும் உயிர் நீத்த காவலர்கள் நம் நாட்டில் உண்டு. அவர்களுடைய குடும்பங்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

ஆனால், அந்தக் காவலரின் பக்கத்தில் நின்றே இதனை எண்ணிப் பார்ப்போம். உண்மையாகவே தன் உயிர் காக்கச் சுட்ட ஒருவர் இருக்கிறார். அவருடைய நிலையத்துத் தோழர்களே விசாரித்து, ‘குற்றமில்லை’ என்று எழுதுகிறார்கள். ஊரார் அதனை நம்புவார்களா? ‘தம்மவரைத் தாமே காப்பாற்றிக்கொண்டார்கள்’ என்றுதான் சொல்வார்கள். நேர்மையான அந்த மனிதர், குற்றமற்றவராயிருந்தும், வாழ்நாள் முழுவதும் ஐயத்தின் நிழலில் நடப்பார். அவரோடு தொடர்பில்லாத ஒருவர் ஆராய்ந்து, ‘இவர் கூறியது உண்மை’ என்று சொன்னால்தான் அந்த நிழல் நீங்கும். ஆகவே, சுதந்திரமான விசாரணை பொய்யரை வெளிப்படுத்துவது போலவே மெய்யரை விடுவிக்கவும் செய்கிறது. உச்சநீதிமன்றமும் இதனை மறக்கவில்லை. சுட்ட காவலரின் குடும்பத்தாருக்குத் தகவல் கூறி, சட்ட உதவியும் மன ஆறுதலுக்கான உதவியும் அளிக்க வேண்டும் என்பது அந்த 16 நெறிகளுள் ஒன்று.

கன்னாட் பிளேஸ் வழக்கின் பதின்மரும் தொடக்கத்திலேயே, ‘ஆளை மாற்றிக் கருதிவிட்டோம், பெரும்பிழை நேர்ந்துவிட்டது’ என்று உண்மையைச் சொல்லியிருந்தால்? சட்டம் அப்போதும் அவர்களை விசாரித்திருக்கும். இறந்தவர் இருவரும் மீண்டிருக்கமாட்டார். ஆயினும், பிழையின் மேல் பொய்யும் ஏறியிராது. இறந்த கணவனையும் தந்தையையும் குற்றவாளி என்று ஊர் சொல்லக் கேட்கும் துன்பம் அக்குடும்பங்களுக்கு நேர்ந்திராது. தம்மவரே விசாரிப்பார்கள் என்னும் எண்ணமே சில வேளைகளில் பொய்க்குத் துணிவு தருகிறது. அயலார் வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தால், பொய் சொல்ல எழும் நா அடங்கும். அதற்கும் முன்பே, சுட எழும் விரலும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கும். உயிருக்கு உண்மையான ஆபத்து உள்ள இடத்தில் அந்த எண்ணம் கையைத் தடுக்காது. இல்லாத இடத்தில் தடுக்கும். நாம் வேண்டுவதும் அதுவே.

மற்றொரு வினாவும் எழுகிறது. வேறொரு காவல் நிலையத்தார் விசாரித்தால் அது முழுச் சுதந்திரம் ஆகுமா? பக்கத்து நிலையத்தாரும் அதே சீருடை அணிந்தவர்கள். இன்று இவர்கள் அங்கே, நாளை அவர்கள் இங்கே என மாற்றலாகிச் செல்பவர்கள். அண்ணன் வீட்டு வழக்கைத் தம்பி தீர்ப்பது போன்றது அது. நிலையத்தை மாற்றுதல் முதற்படி என்று கொள்ளலாம். முடிவான படி ஆகாது. மாஜிஸ்திரேட் விசாரணையும் கூட இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் வற்புறுத்தியதன் காரணம் இங்கே விளங்கும். ஆனால், அந்த விசாரணையும் ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க வேண்டுமே!

பிற நாடுகள் சில இவ்வகையில் மேலும் ஒரு படி சென்றுள்ளன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1990ஆம் ஆண்டிலேயே, போலீசாரால் சாவோ பெருங்காயமோ நேர்ந்தால் விசாரிப்பதற்கென்று தனி அமைப்பு ஒன்றை நிறுவியது. வட அயர்லாந்தில் 2000ஆம் ஆண்டு முதல் போலீசைப் பற்றிய முறையீடுகளை ஆராயத் தனி அதிகாரி இருக்கிறார். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2018 முதல் இயங்கிவரும் சுதந்திர அலுவலகம், அதற்கு முன்பிருந்த ஆணையத்தின் இடத்தில் வந்தது. இவற்றின்மீதும் அந்நாட்டு மக்களுக்குக் குறைகள் உண்டு. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது என்பது அவற்றுள் ஒன்று. எனினும், போலீசின் ஆணைக்குக் கீழ்ப்படாதவர்களே போலீசை விசாரிக்க வேண்டும் என்னும் கொள்கை அங்கே வேரூன்றிவிட்டது.

நம் நாட்டிலும் அதற்கு விதை ஊன்றப்பட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், ஒவ்வொரு மாநிலத்திலும் மாவட்டத்திலும் போலீஸ் முறையீட்டு ஆணையம் அமைக்கக் கட்டளையிட்டது. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் அதற்குத் தலைமை தாங்க வேண்டும். அவ்வழக்கைத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற காவல் துறைத் தலைவர் ஒருவரே என்பது மனங்கொள்ளத்தக்கது. தம் வாழ்நாளெல்லாம் சீருடை அணிந்தவர்தாம், சீருடைக்கு வெளியே ஒரு கண் வேண்டும் என்று கேட்டார். அந்தக் கட்டளை பல மாநிலங்களில் முழுமையாக நிறைவேறவில்லை. பெயரளவில் அமைந்த ஆணையங்களும் உண்டு. விதை ஊன்றியவரோடு நம் கடமை முடியவில்லை. நீர் வார்க்கும் கடமை நமக்கே உரியது.

நாம் என்பது யாரை? போலீசாரும் அரசாங்கமும் மட்டும் அன்று. துப்பாக்கிச் சூட்டுச் செய்தியைப் படித்தவுடன், ‘ஒழிந்தான் ஒரு கொடியவன்’ என்று மகிழும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இறந்தவர் கொடியவர் என்று நமக்குச் சொன்னவர் யார், சான்று என்ன என்று நாம் கேட்பதில்லை. 1997 மார்ச் 31 மாலையில் தில்லியில் அந்தச் செய்தியை முதலில் கேட்டவர்களுள் சிலரும் அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும். மறுநாள் உண்மை தெரிந்தபோது அவர்கள் நாணியிருப்பார்கள். நம் கைதட்டலும் ஒருவகையில் விசாரணையைத் தடுக்கும் சுவரே. சாட்சி சொல்ல அஞ்சி விலகிப் போகும் நம் கால்களும் அப்படியே. அந்தக் கடைவீதியில் கண்டதைக் கண்டவாறு மன்றத்தில் வந்து சொல்லியவர்கள் இருந்தனர். உண்மைக்கு அவர்கள் செய்த தொண்டு சிறிதன்று.

சாலையில் நீளும் காவலரின் கையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். நள்ளிரவில் நம் மகனோ மகளோ வண்டியில் வரும்போது அந்தக் கை நீண்டால், ‘நில், அஞ்சாதே, அவர் காவலர்’ என்று நாம் சொல்லக்கூடிய நிலை வேண்டும். அவ்வாறு சொல்வதற்குரிய நம்பிக்கை, காவலர் ஒருபோதும் பிழை செய்யமாட்டார் என்பதனால் வருவதன்று. மனிதர் எவரும் பிழை செய்யக்கூடியவரே. பிழை நேர்ந்தால் அது மறைக்கப்படாது, பிழைசெய்தவரே அதனை அளந்து தீர்ப்புச் சொல்லமாட்டார் என்னும் உறுதியினால் வருவது அது. அந்த உறுதியை நாட்டின் ஒவ்வொரு சாலையிலும், ஒவ்வோர் இரவிலும், பெயர் தெரியாத ஏழைக்கும் வழங்கும் வரையில் நம் கடமை முடிந்ததாகாது.